தனி அடுப்பு

எனக்கும் என் அண்ணிக்கும் சண்டை இருந்தே தீர வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. சொன்னால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

என் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்து வருஷக்கணக்காகிறது. வாரத்துக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரி மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகாவிட்டால் உடம்பு ஊதி, மூச்சு முட்டி, ஆள் காலி. செலவை அரசாங்கக் காப்பீடு பார்த்துக்கொண்டது. வியாதி யாருக்கோ அவர் பெயரில் கார்டு, அவ்வளவுதான்.

அப்புறம் புதுச் சட்டம் வந்தது. சீர்திருத்தமாம். டிவியில் கோட்டு போட்ட ஒருவர் பல்லெல்லாம் தெரிய விளக்கினார். இனிமேல் ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்குத்தான் காப்பீடு. குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டினால் கிடையாது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம்.

நான் இருப்பது அண்ணன் வீட்டில். அண்ணனுக்கு ரொட்டிக் கம்பெனியில் வேலை. அண்ணி ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். இரண்டு சம்பளமும் சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆனால் அதை மொத்தமாகக் கொட்டினாலும் என் மெஷினுக்குப் பாதி மாதத்துக்குக் காணாது. நான் வீட்டிலிருந்தே ஜிப் மாற்றி, பேண்ட் மடித்துத் தைத்து வருவது நூலுக்கும் ஊசிக்கும் சரி. இதையெல்லாம் யாரைக் கேட்டுச் சட்டம் போட்டார்கள் இந்தப் படுபாவிகள்?

காப்பீட்டு ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் நல்லவள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தனியா சமைக்கிறேன்னு எழுதிக் குடுத்துடுங்க. ஆனா வீட்டுக்கு ஆள் வருவாங்க. சும்மா இன்னொரு அடுப்பை வாங்கி வச்சா நம்ப மாட்டாங்க. இப்ப எல்லார் வீட்லயும் ரெண்டு அடுப்பு இருக்கு. உங்களுக்குள்ள ஒட்டுறவு இல்லைன்னு அவங்களுக்கே தெரியணும்."

அண்ணன் கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பு அடித்தான். என் பக்கம் கட்டில், தையல் மெஷின், ஒற்றை அடுப்பு, இரண்டு பாத்திரம். வெளியே போக எனக்குப் பின்வாசல், அவர்களுக்கு முன்வாசல். வருகிற ஆளுக்கு முன்னால் ஒரு சண்டையும் போட்டுக் காட்டலாம் என்றது நான்தான். எங்கள் வீட்டில் வாய்த்துடுக்கு எனக்குத்தான். அண்ணன் வாயில்லாப் பூச்சி. அண்ணி யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. எனக்காக வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு தரமும் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவாள். மெஷின் ஓடும்போது எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், உயிர் போகும். அண்ணி உட்கார்ந்து பிடித்துவிடுவாள்.

"அண்ணி, நான் தட்டைத் தூக்கிப் போடறேன். நீங்க ஓசிச் சோறுன்னு ஆரம்பிங்க."

"ஐயோ, அதை எப்படிடி என் வாயால சொல்றது?"

"நான் உயிரோட இருக்கணும்னா சொல்லுங்க."

அண்ணி மூச்சை இழுத்துக்கொண்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். "ஓசிச் சோறு... சாப்பிட்டியாடி நீ?"

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். நான் மட்டும் என்ன ஒழுங்கு? அண்ணியை 'நீ' என்று சொல்ல நாக்கு புரளவில்லை. "நீ ஒரு... நீங்க ஒரு ராட்சசி" என்றேன். மூன்று பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆள் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், களைத்த முகம். என் அடுப்பைக் குனிந்து பார்த்து, "புதுசா இருக்கே" என்றார். நான் தட்டை வீசினேன். "ஒரு வாய் கஞ்சி குடுத்திருப்பியா நீ எனக்கு?" என்று கத்தினேன். அண்ணி பள்ளிக்கூடப் பிள்ளை பாட்டு ஒப்பிக்கிற மாதிரி, "ஓசிச் சோறு தின்னுட்டு, ஓசி வீட்ல இருந்துகிட்டு" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் கண் என் வீங்கின காலுக்குப் போனது. பேசிக்கொண்டே, காலால் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டாள், நான் உட்காருவதற்கு.

அவர் முக்காலியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அம்மா, அடுத்த தெருவுலயும் இதே நாடகம்தான் பார்த்துட்டு வரேன். நான் கெட்டவன் இல்லை. ஆனா ஒரே குடும்பம்னுதான் என்னால போட முடியும்."

அவர் விரல் டேப்லெட்டுக்குப் போனது. அந்த விரல் பட்டால் கார்டு இல்லை. கார்டு இல்லாவிட்டால் மெஷின் இல்லை.

"நில்லுங்க சார்" என்றாள் அண்ணி. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"எங்கம்மா செத்துப்போன அன்னிக்கு இவளுக்கு மெஷின் நாள். காலையிலயே போன் வந்துடுச்சு. நான் வாயைத் திறக்கலை. சொன்னா இவ மெஷினுக்குப் போக மாட்டா. இவளைக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சு, கால் புடிச்சுவிட்டு, வீட்ல கொண்டாந்து விட்டப்புறம்தான் எங்க வீட்டுக்காரர்கிட்டயே சொன்னேன். நான் போய்ச் சேரறதுக்குள்ள எடுத்துட்டாங்க. பெத்தவளைவிட நாத்தனார் பெருசாப் போயிட்டாளான்னு எங்கக்கா கேட்டா. அதோட பேச்சை விட்டவதான், இன்னிக்கு வரைக்கும் பேசலை."

சாயங்காலம்தான் போன் வந்தது என்று அன்றைக்கு எங்களிடம் சொல்லியிருந்தாள். நாங்களும் நம்பியிருந்தோம். வாசற்படியில் நின்றிருந்த அண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "உன் காலைப் புடிச்சுவிடறப்பல்லாம் எங்கம்மா காலைக் கடைசியா ஒரு தரம்கூடத் தொடலையேன்னு இருக்கும்டி. அன்னிக்கு ஒரு நாள் இவ தனியாப் போயிருக்கக் கூடாதான்னு தோணும். அப்படி நினைக்கிறேனேன்னு என்னையே அறைஞ்சுக்கலாம் போல இருக்கும். என்னால முடியலைடி."

இது ஒத்திகையில் இல்லை. இட்டுக்கட்டிச் சொல்லக்கூடியதும் இல்லை. என்னைக் காப்பாற்ற அண்ணியிடம் வேறு பொய் எதுவும் மிச்சமில்லாததால் இந்த உண்மையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் அந்த முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் டேப்லெட்டில் தட்டினார். "இந்தக் கசப்பு நடிப்பு இல்லை. தனிக் குடும்பம்னு போட்டுட்டேன். எப்ப வேணும்னாலும் மறுபடி வருவாங்க. அக்கம்பக்கத்துலயும் விசாரிப்பாங்க. உங்களுக்குள்ள போக்குவரத்து இருக்கக் கூடாது." எங்கள் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்.

கார்டு பிழைத்தது. நானும் பிழைத்தேன். இப்போது ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் பஸ் ஏறுகிறேன்.

"எங்கே உங்க அண்ணி?" என்று நர்ஸ் கேட்டாள்.

"சண்டை" என்றேன். பொய் சொல்கிறேனா, உண்மையைச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கால் இழுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நானே பிடித்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் மெஷினிலிருந்து வந்து படுத்திருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணி, "அம்மா, அம்மா" என்று அழுதாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அப்படி அழுததில்லை. எனக்குக் கேட்டுவிடும் என்று அடக்கியிருக்கிறாள். இனி அடக்கி என்ன ஆகப்போகிறது?

என்னால் படுத்திருக்க முடியவில்லை. பின்வாசல் வழியாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு அவர்கள் பக்கம் போனேன். அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்க அண்ணி" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் என்னை இழுத்து, என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு சட்டென்று விலகி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"எந்திரிடி. யாராவது பார்த்துட்டா கார்டு போயிடும்."

"போனா போகட்டும் அண்ணி."

அவள் முகம் மாறியது. முதல் தடவையாக, நிஜமாகவே என்னை அதட்டினாள்.

"போகட்டுமா? அப்ப எங்கம்மாவை எதுக்குடி நான் விட்டேன்?"

தோளைப் பிடித்து வாசல்வரை நடத்தி வந்து, என் முகத்தைத் தன் துண்டால் துடைத்து, வெளியே விட்டுக் கதவைத் தாழிட்டாள். நான் அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்று அழுதேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, அதனால் சத்தம் வராமல்.