யாருடைய பானை

கசப்பான் செடியின் பழம் தித்திக்கும், ஆனால் சதை நாக்கை நனைக்கும் அளவுதான். கொட்டைதான் வில்லங்கம். அதைக் கடித்த ஒரு காக்கை, பறப்பதையே மறந்து பேருந்து நிலையம் வரை நடந்தே போனது. துணைக்கு நானும் போனேன்.

ஆறு நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றினால்தான் கொட்டையின் நஞ்சு இறங்கும். மழை பொய்த்த மூன்றாம் வருடம் எங்கள் தெருவே அதை வேகவைத்துத் தின்றது. காட்டில் அந்தச் செடி மட்டும் வெட்கமில்லாமல் பச்சையாக நின்றது.

அண்ணனுக்கும் எனக்கும் ஒரே வீடு, ஒரே தச்சுப் பட்டறை. பேசி ஐந்து வருடம். இழைப்புளியைக் கீழே போட்டது யார் என்பதில் தகராறு. பலகையின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை நான். நடுவில் அண்ணிதான் தூது.

"உங்க ரெண்டு பேர் வாய்க்கும் யாராச்சும் வாடகை கேக்குறாங்களா?" என்பார்.

ஒரு பானைக்கு அண்ணன் தண்ணீர் மாற்ற வேண்டும், அடுத்த பானைக்கு நான். யாருடைய பானை என்பதை அண்ணி சொல்வார். அந்த முறை கொட்டையை ஊறப்போட்ட கையோடு காய்ச்சலில் விழுந்தார். சொல்லவில்லை.

"வெறும் வயித்துல மருந்து வேலை செய்யாது. எதையாவது சாப்பிட வைங்க," என்றார் வைத்தியர். வீட்டில் இருந்தது அந்தப் பானைதான்.

அது அண்ணனுடைய பானை என்று நான் இருந்தேன். அடுத்தவர் பானையைத் தொடுவது எனக்கு மானக்கேடு.

ஆறாம் நாள் வேகவைத்துக் கொடுத்தேன். அண்ணி ஒரு வாய் வைத்ததும் குமட்டித் துப்பினார்.

"தண்ணிய யாரு மாத்தினது?"

"நீ மாத்தலையாடா?" என்றார் அண்ணன். ஐந்து வருடத்தில் முதல் பேச்சு.

"உங்க பானைன்னு நெனச்சேண்ணே."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாயா தேஞ்சிருக்கும்?" என்று அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தோம். வெந்தது தீர்ந்திருந்தது, ஊறுவது பாதியில் இருந்தது. புதுக் கொட்டை பறித்து வந்து, இரண்டு பேருமாக நின்று தண்ணீர் மாற்றினோம். மாலையிலும் மாற்றினோம். நஞ்சுக்கு அவசரம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆறாம் நாள் பானையை இறக்கினோம். துளிக் கசப்பு இல்லை.

"உப்பு போதுமாடா?"

"போதும்ணே."