தண்ணி பாத்தாச்சு

எங்கள் வீட்டில் தண்ணி என்ற வார்த்தைக்குப் பல அர்த்தங்கள் உண்டு. குழாயில் வருவது ஒன்று. டீ, காப்பி எல்லாம் இன்னொன்று. வீட்டுக்கு யார் வந்தாலும் "தண்ணி கலக்கவா?" என்றுதான் இங்கே கேட்போம். எங்கள் சித்தப்பா குடித்தது வேறொரு தண்ணி, அதைப் பற்றி இப்போது வேண்டாம். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, அப்பாவின் காருக்கு ஊற்றும் தண்ணி.

எஸ்டேட் கைமாறி, நாங்கள் ஈப்போவை ஒட்டிய லகாட்டுக்கு வீடு மாறி வந்த காலத்தில் அப்பா உடையப்பன் வாங்கிய கார் அது. அப்போது வெள்ளை. இப்போது மோர் நிறம். டிரைவர் பக்கக் கதவு வெளியிலிருந்து திறக்காது. பின்பக்கக் கண்ணாடியை இறக்கினால் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தித் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். உள்கூரைத் துணி தொங்க ஆரம்பித்தபோது அம்மா தன் புடவை ஊக்குகளை எடுத்து ஆங்காங்கே குத்தி வைத்தார். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். ஊக்குகள் அப்படியே இருக்கின்றன. பெண்கள் யார் ஏறினாலும் தலைமுடி மாட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் பெரிய தொல்லை இல்லை. தண்ணீர் பம்ப் கசிவதுதான் தொல்லை. எத்தனை முறை மாற்றினாலும் கொஞ்ச நாளில் திரும்பக் கசியும். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கோகிலன் என்னோடு படித்தவன்.

"மச்சான், பம்ப மாத்துனா ஹோஸ் ஒழுகும். ஹோஸ மாத்துனா ரேடியேட்டர் ஒழுகும். வயசாளிக்கு வைத்தியம் பாக்குற மாரிதான் லா. தெனம் காலையில தண்ணி பாத்துக்க, ஓடும்" என்பான்.

அப்பா காலத்தில் அது தினசரி வழக்கம். கிளம்பும் முன் அப்பா வாசலிலிருந்து "தண்ணி பாத்தாச்சா?" என்று குரல் கொடுப்பார். அம்மா அதற்குள் பானெட்டைத் திறந்து ஊற்றி முடித்திருப்பார். "பாத்தாச்சு, பாத்தாச்சு!" என்று உள்ளேயிருந்து பதில் வரும். சின்ன வயதில் அந்த வார்த்தையைக் கேட்டால்தான் கார் ஸ்டார்ட் ஆகும் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் ஈப்போவில் சிக்னலில், நல்ல மழையில் கார் நின்றுபோனது. பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்தார்கள். என் மனைவி பிரமிளா நனைந்துகொண்டே தள்ளினாள். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போது சொன்னாள்:

"இன்னொரு தடவ நடுவழியில நின்னுச்சு, நேரா பொத்தோங் கடைதான். பார்ட் பார்ட்டா ஒடச்சு விக்கட்டும். ஒங்க தம்பி யுகேந்திரன் தஞ்சோங் மாலிம் கார் ஃபேக்டரியிலதான வேல பாக்குறாரு? அவருகிட்ட சொல்லி ஒரு புதுக் காரு பாருங்க."

நியாயமாகத்தான் பட்டது. "சரி, இன்னொரு தடவ நின்னா குடுத்துருவோம்" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நிலைமையில்தான் கோப்பெங்கில் என் அக்கா மங்களத்தின் மகள் கலாதேவிக்குப் பரிசம் வந்தது. நான் தாய்மாமன். சீர்த்தட்டுகளோடு நான் போய்ச் சேராமல் எதுவும் ஆரம்பிக்காது. காலையில் வீடே அமளி. அப்பா போன பிறகு தண்ணி பார்ப்பது நான்தான். அன்று வேட்டியோடு போராடிக்கொண்டே, அப்பா மாதிரி கூடத்திலிருந்து கேட்டேன்:

"தண்ணி பாத்தாச்சா?"

அடுப்படியிலிருந்து பிரமிளா, "பாத்தாச்சு, பாத்தாச்சு!"

அசல் அம்மா சொல்வது போலவே இருந்தது. அதை நம்பி நான் பானெட்டைத் தொடவே இல்லை.

சிம்பாங் பூலாய் தாண்டியதும் இஞ்சின் சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. மெதுவாகக் கை நீட்டி ஏர்கோனை அடைத்தேன்.

"ஏன் அடைக்கிறீங்க?"

"வெளிக்காத்து நல்லா இருக்குல்ல?"

"பொய் சொல்லாதீங்க லா. முள்ளு எங்க நிக்குது?"

நான் பதில் சொல்லும் முன் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. ஒரு மரத்தடியில் ஓரங்கட்டினேன்.

"நின்னுருச்சு" என்றாள் பிரமிளா. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நீதானே தண்ணி பாத்தாச்சுன்னு சொன்ன?"

"ஆமா, பாத்தேன். பிளாஸ்க் நெறைய டீ கலக்கிருக்கேன். குடிக்கிறதுக்கு ரெண்டு போத்தல் பச்சத்தண்ணி எடுத்து வச்சிருக்கேன்."

"நான் காருக்குக் கேட்டேன்!"

"காருக்குன்னு சொன்னீங்களா? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் என்னைக்கு பானெட்டத் தொறந்துருக்கேன்?"

அது உண்மை. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும். ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அக்கா போன் அடித்தாள்.

"டேய் தர்மா, எங்கடா இருக்க? மாப்ள வீட்டுக்காரங்க வந்துட்டாங்க!"

"வந்துக்கிட்டே இருக்கேன்க்கா."

"கார் சத்தத்தையே காணோமே?"

நான் போனை வைத்துவிட்டேன்.

பிரமிளா பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். காரில் சாய்ந்து நின்று குடித்தோம். எதிரே சுண்ணாம்பு மலை, ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவும் இங்கதான நிறுத்துவாரு?"

ஆமாம். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இங்கேதான். "எல்லாரும் எறங்குங்க, மலையப் பாருங்க, எவ்ளோ அழகு!" என்பார் அப்பா. நாங்கள் வரிசையாக நின்று மலையைப் பார்ப்போம். அவர் மட்டும் துண்டை எடுத்துக்கொண்டு காரின் முன்பக்கம் போவார்.

"அவரு ஒரு தடவயாச்சும் மலையப் பாத்தாரா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை.

"மொதமொதல்ல கூட்டிக்கிட்டு வந்தப்ப, 'மருமகளே, மலையப் பாரு'ன்னாரு. எவ்ளோ ரசனையான குடும்பம்னு எங்கம்மாவுக்குப் போன் போட்டு சொன்னேங்க நான்!"

டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அதில் கொஞ்சம் அப்பாவுக்காக வந்தது.

இஞ்சின் ஆறியதும் துண்டைச் சுற்றி மூடியைத் திறந்தேன். குடிக்க வைத்திருந்த இரண்டு போத்தலும் அதற்கே போனது. சாவியைத் திருப்பியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

பிரமிளா ஏறி உட்கார்ந்தாள். வழக்கம்போல ஊக்கில் முடி மாட்டியது.

"சொன்ன சொல்லு சொல்லுதான் பிரமிளா. நாளைக்கே கோகிலன்கிட்ட சொல்லி பொத்தோங் கடைக்குக் குடுத்துர்றேன். நின்னுருச்சுல்ல" என்றேன்.

அவள் முடியைப் பொறுமையாக விடுவித்தாள். ஊக்கை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். தொங்கிய துணியை மடித்து, அதே ஊக்கை இறுக்கமாகக் குத்தினாள்.

"எங்க நின்னுச்சு? மல பாக்க நாமதான நிறுத்துனோம்?"

நான் கியரைப் போட்டேன்.

"ஆனா ஒண்ணு. இனிமே காருக்குன்னா மலாய்ல 'ஆயர்'னு கேளுங்க. தண்ணின்னா அது என் அடுப்படியில உள்ளது."

கோப்பெங் போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசல் கேட்டிலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். திட்டத்தான் போகிறாள் என்று தட்டை முன்னால் நீட்டினேன். எங்கள் வேர்வையையும் என் வேட்டியில் பட்ட கறையையும் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, வாடா, வா பிரமிளா. மொதல்ல உள்ள வந்து தண்ணி குடிங்க."

பிரமிளா என்னைப் பார்த்தாள். பிறகு காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்குக்கா? எங்களுக்கா, இதுக்கா?"