அறுபது வயதுக்காரர்கள்

எங்கள் குடும்பத்தில் யாரும் அறுபதுக்கு முன்னால் சாவதில்லை என்று டாக்டரிடம் எழுதிக் கொடுத்தவள் நான்தான். தம்பி மட்டும் நாற்பத்தொரு வயதில் தூக்கத்திலேயே போய்விட்டான், அதற்கு அவன் ஊதித் தள்ளிய சிகரெட்தான் காரணம் என்று அடியில் ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறவள் நான். என் கண்ணில் படாமல் ஒரு கால்புள்ளிகூடத் தப்பாது என்ற திமிர் எனக்கு உண்டு.

தம்பி போன மறுவருடம் அவன் மகன் மைதானத்தில் ஓடும்போது மயங்கி விழுந்தான். இருபது வயது, தீயணைப்பு வேலைத் தேர்வுக்காக ஓடிக்கொண்டிருந்தவன். நான்தான் அவனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அவனுடைய இதயத் துடிப்புப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை மட்டும் வெச்சு உறுதியாச் சொல்ல முடியலம்மா. அவங்க அப்பா மாதிரியே குடும்பத்துல வேற யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருந்தா, இது பரம்பரை. உடனே நெஞ்சுல ஒரு கருவி வெச்சாகணும். மூணு தலைமுறை விசாரிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் ஓடக் கூடாது."

விசாரிக்க யார் இருக்கிறார்கள்? அப்பா லாரி மோதிப் போனவர். அம்மாவும் இல்லை. மிச்சமிருந்தது ஊர் இடுகாட்டுப் பதிவேடுதான். தம்பி மனைவி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள் என்பதால் நான் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

"அத்தை, சட்டுபுட்டுன்னு செத்தவங்களை எல்லாம் எண்ணிட்டு வாங்க. எனக்கு ஓடணும்" என்று மருமகன் வாசல்வரை வந்து விரட்டினான்.

இடுகாட்டு வாசலில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேஜை, கதவு சரியாக மூடாத இரும்பு பீரோ, அதில் பூச்சி அரித்த பதிவேடுகள். இடுகாட்டுக் காவலர் மேஜையைத் துண்டால் தட்டிவிட்டு, "எதுக்கும்மா பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"குடும்ப வரலாறு எழுதறேன்" என்றேன். பையனுக்கு இதயக் கோளாறு என்று ஊருக்குத் தெரிந்தால், பதினாறு வயதில் அவன் தங்கை குட்டி இருக்கிறாளே, நாளைக்கு அவளுக்கு ஒரு வரன் வராதே என்று பயம். அந்தப் பொய்யை நினைக்கும்போதெல்லாம் என் நாக்கை நானே பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெயர், வயது, காரணம், குழி எண் என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். தாத்தா, வயது அறுபது, மூப்பு. தாத்தாவின் தம்பி, அறுபது, மூப்பு. தாத்தாவின் தங்கை, அறுபது, மூப்பு. மூன்று பேரும் நான் பிறப்பதற்கு முன்பே போனவர்கள். அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. சந்தோஷமாக எழுதிக்கொண்டேன்.

தாத்தா செத்தபோது அப்பா தவழ்கிற குழந்தை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்படியானால் கிழவர் ஐம்பத்தொன்பதில் பிள்ளை பெற்றிருக்கிறார். அங்கிருந்தே போன் போட்டு மருமகனிடம் அதைச் சொன்னேன்.

"தாத்தா பலே ஆளுதான் அத்தை! அந்த உடம்புதான் எனக்கும்" என்றான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தம்பியின் பதிவை நான் பார்க்கவே இல்லை. அவன் அடக்கத்துக்கு நான் வந்து சேர்வதற்குள் குழியை மூடிவிட்டார்கள். அவன் வயதும் காரணமும்தான் எனக்குத் தெரியுமே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். தெரிந்த பக்கத்தை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் தெரியாத பக்கத்தை நம்ப வேண்டும் என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் என் தாளைப் படித்துவிட்டு, "நல்லதாப் போச்சு, கருவி இப்போதைக்கு வேண்டாம், மெதுவா ஓட ஆரம்பிக்கலாம்" என்றார். ஏழாவது வாரம், காலையில் ஓடிவிட்டு வந்து, குளித்து, கட்டிலில் சாய்ந்த பிள்ளை எழுந்திருக்கவே இல்லை.

அவனைக் கொட்டகைக்கு வெளியே நிழலில் கிடத்தியிருந்தோம். காவலர் பதிவேட்டைத் திறந்து, பெயரை எழுதிவிட்டு, "வயசு?" என்று கேட்டார்.

"அறுபது" என்றாள் தம்பி மனைவி.

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். "இருபதும்மா" என்று தோளைத் தொட்டேன்.

காவலர் தலை நிமிரவில்லை. "அறுபதே இருக்கட்டும்மா. சின்ன வயசுல திடீர்னு போனா போலீசுக்குச் சொல்லணும். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் அறுத்துட்டு, மூணு நாள் கழிச்சு மூட்டையாத்தான் தருவாங்க. பெத்தவங்க எப்படிம்மா தாங்குவாங்க? எங்கப்பா காலத்துல இருந்தே அறுபது, மூப்புன்னு போட்டுடுவோம். புத்தகத்தையும் பிணத்தையும் யாரு வந்து ஒத்துப் பாக்கப் போறா?"

நான் பதிவேட்டைப் பிடுங்கிப் பின்னால் புரட்டினேன். தம்பியின் பெயர் இருந்தது. வயது அறுபது, மூப்பு.

"அப்போ எங்க தாத்தா?"

"அது எங்கப்பா கையெழுத்து. உங்க வீட்ல மூணு இளவயசு சாவுக்கு அறுபதுன்னு எழுதினதா அவர் சொல்லிக் கேட்டிருக்கேன்."

"அன்னிக்கே ஏன்யா சொல்லல?"

"வரலாறு எழுதறேன்னு சொன்னீங்க. பெரியவங்க நல்லா வாழ்ந்ததாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். உசிர் விஷயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறைச்சிருப்பேனாம்மா?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம்பி மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு மட்டும்தான் இரக்கப்பட்டுச் செஞ்சார்னு நெனச்சேன் அண்ணி. பொய் எழுதினது வெளிய தெரிஞ்சா தப்பாயிடும்னு வாயே தெறக்கல."

"இருபதுன்னு எழுதுங்க. போலீசுக்குச் சொல்லுங்க" என்றேன் காவலரிடம்.

அவள் துள்ளி எழுந்தாள். "எம்புள்ளைய அறுக்கவா?"

"அறுத்தாத்தான் என்ன வியாதின்னு தெரியும். குட்டி இருக்காம்மா. அவளையாவது காப்பாத்த வேண்டாமா?"

"உங்க எழுத்தை நம்பித்தான அவன் ஓடினான்? இப்ப அவன் உடம்பையும் விட மாட்டீங்களா?" என் புடவையைப் பிடித்து உலுக்கினாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. காவலரின் பேனாவை வாங்கி, வயது என்ற கட்டத்தில் இருபது என்று நானே எழுதினேன். அவள் ஓடிப்போய்ப் பிள்ளையின் மேல் விழுந்து, யாரும் தூக்க முடியாதபடி கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் குட்டி என் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அவளை வைத்துத்தான் சண்டை போட்டோம், அவளுக்குக் காது இருக்கிறது என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

"அத்தை, அடுத்து நானா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம்டா கண்ணு" என்று அவள் கையைப் பிடித்தேன்.

அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"அண்ணனையும் நீங்கதான கூட்டிட்டுப் போனீங்க" என்றாள்.