இன்ஃபினிட்டிக்கு அகராதிக்காரர் சொன்ன பொருள்

அகராதிக்காரரிடம் யாரும் வாய் தவறிக்கூட ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டுவிடக் கூடாது. பொருள் சொல்வார், வேர் சொல்வார், அது எந்தெந்த நாடு சுற்றி வந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்டவருக்குப் பசியே வந்துவிடும். ஆங்கிலம்-தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் தலை நரைத்த மனிதர்; வேறென்ன செய்வார்?

அவருடைய ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறவள், விபத்தில் கால் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எலும்பில் சீழ். திரும்பத் திரும்ப அறுத்தும் அடங்கவில்லை. இன்றைக்கே இன்னொரு ஆபரேஷன் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கையை விரிக்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். மகள் சம்மதிக்க வேண்டும். அவளோ விட்டத்தைப் பார்த்தபடி மெல்லக் கேட்டாள்.

"இன்ஃபினிட்டின்னா என்னப்பா?"

பாவி மனுஷன், பழக்கதோஷம். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "லத்தீன்மா. ஃபினிஸ்னா எல்லை, முடிவு. முன்னாடி ஒரு 'இன்' சேர்ந்தா, இல்லைன்னு ஆயிடும். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. எவ்வளவு தூரம் போனாலும் முடிவே இல்லாதது."

"அப்ப என் வலியும் அதான்." அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு ஆபரேஷன் வேணாம். விட்டுடுங்க."

பக்கத்தில் நின்றிருந்த மனைவி அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அவ அர்த்தமா கேட்டா? இந்தப் பாடு என்னைக்காவது முடியுமான்னு கேட்டா! பெத்த அப்பனுக்கு அதுகூடப் புரியாதா?"

தன் வாயாலேயே பிள்ளையை அனுப்பிவைக்கப் பார்த்தோமே என்று பதறியபடி உள்ளே ஓடினார். கண்டிப்பாக முடியும் என்று அடித்துச் சொல்லத்தான் நினைத்தார். அவள் முதுகைப் பார்த்ததும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியலம்மா," என்றார். "முடியுமா, எப்ப முடியும், எனக்கு எதுவுமே தெரியல. நீ வேணாம்னா நான் என்ன ஆவேன்னும் தெரியல." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"டாக்டரை வரச் சொல்லு. ஆனா தியேட்டர் வாசல் வரைக்கும் நீ கூட வரணும்."

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் அவர் கையில் நகம் பதிய இறுக்கினாள்.

"பயமா இருக்குப்பா. ஏதாவது பேசேன்."

அவர் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. கதவருகே அவள் கையிலிருந்து அவர் விரல்களை நர்ஸ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.