கணப்புக்கு ஒரு கல்

தச்சர் அந்தக் கல் கடைக்கு வருவது இது ஒன்பதாவது முறை. "மரம்னா கண்ண மூடிக்கிட்டு சொல்லிடுவீங்க, கல்லுன்னா இந்த முழி முழிக்கிறீங்களே அண்ணே," என்றார் கடைக்காரர். தச்சர் ஒப்புக்குச் சிரித்து வைத்தார். விறகு போட்டு எரிக்கும் இரும்புக் கணப்பு வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. அடியில் சூட்டைப் பிடித்துவைக்கும் கல்மேடை கட்டாததால் சாக்கு பிரிக்காமல் கூடத்து மூலையில் நிற்கிறது. அவர் மனைவிக்கோ எத்தனை கம்பளி போர்த்தினாலும் குளிர் விடவில்லை. மருந்து ஏற்ற ஏற்ற ஆள் துரும்பாகிவிட்டாள். இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவாளா என்று மருத்துவரிடம் அவர் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஆற்றுக்கல்லைக் கடைக்காரர் முதல் நாளே வேண்டாம் என்றுவிட்டார், உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்குமாம். கருங்கல், மணற்கல், மாக்கல் என்று மற்றவற்றில் தச்சர் ஒவ்வொரு துண்டாக வாங்கிப் போவார். சமையலறை அடுப்பில் காயவைத்து, கால்மணி நேரம் ஆறவிட்டு அவள் கையில் கொடுப்பார். உளி பிடித்துக் காய்த்துப்போன தன் கையை அவர் நம்பவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வாள். "சீக்கிரம் ஆறிடுதுங்க. வேற பாருங்க."

இன்று மாக்கல்லை அடுப்பில் வைத்த நேரம், உள்ளே அவள் வாந்தி எடுக்கும் சத்தம். ஓடிப்போய்த் துடைத்து, புடவை மாற்றிப் படுக்க வைத்தார். பிறகு அவசர அவசரமாக, ஆறவிடவும் மறந்து, கல்லைத் துணியால் பிடித்து எடுத்துவந்து நீட்டினார்.

"இதுதாங்க," என்றாள். முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி. "சூடு அப்படியே நிக்குது. இதையே போட்டுடுங்க."

கடைக்காரருக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தவர், அடுப்பை அணைக்கச் சமையலறைக்குப் போனார். அணைக்க அங்கே எதுவுமில்லை. தீக்குச்சி உரசாமலே அடுப்பு மேடையில் கிடந்தது. எட்டுக் கல்லுக்கும் அவள் சொன்ன தீர்ப்பு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எந்தக் கல்லோடு அந்த விரல்கள் மருந்தில் மரத்துச் செத்துப்போயின? இனி மேடை யாருக்கு, கணப்பு யாருக்கு? அவருக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அவளுக்குக் கேட்குமே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கடைக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேம்மா."

திரும்பி வந்தபோது அவள் கல்லை இடக்கைக்கும் வலக்கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்கி வைக்கக் கையை நீட்டினார்.

"பாத்துங்க, சுட்டுடப் போகுது."

அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.