முந்திக்கொண்ட மன்னிப்பு

ஆராதனைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. டிரைவர் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேர்தான் டிரைவர். என் மகன் செத்ததோடு அவருடைய லைசென்ஸும் போய்விட்டது. மூன்று வருடமாக எங்கள் சபையைப் பெருக்குகிறார், பெஞ்சு துடைக்கிறார், மைக் பார்த்துக்கொள்கிறார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். இதைச் சொல்லிக்காட்டாமல் என்னால் இருக்க முடியாது, அப்படி ஒரு குணம் எனக்கு.

ஒவ்வொரு வருடமும் மகனுடைய நினைவு நாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை நான் சாட்சி சொல்வேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் மகன் உயிரில்லாமல் கிடக்க, சட்டையெல்லாம் ரத்தத்தோடு நின்ற வேன் டிரைவரின் கையைப் பிடித்து, "உன்னை மன்னிச்சுட்டேன், போ" என்று நான் சொன்ன கதை. அந்த இடத்தில் சரியாக என் குரல் உடையும். பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். தாழ்மையை டீச்சரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்பார் போதகர். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எவ்வளவு குனிந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். முப்பது வருடம் வகுப்பில் நின்றவளுக்கு இதையெல்லாம் யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன?

வியாழக்கிழமை மகனின் சிநேகிதன் வீட்டுக்கு வந்தான். விபத்து நடந்த அன்று மகன் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவன். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றான். கொடுத்த டீயைத் தொடவில்லை.

"ஆன்ட்டி, அந்த வேன் ஓரமா நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. நாங்கதான் போய் இடிச்சோம். ரெண்டு பேருமே குடிச்சிருந்தோம். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாருன்னு நான் வாயே தொறக்கல."

அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. மகனுடைய சட்டையில் முகம் புதைத்தபோது வந்த வாடைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாடை என்று நினைத்தேன். பொய். அப்படி நினைத்துக்கொள்வது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கணவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாட்சியில் உண்மையைச் சொல்லிவிடப்போகிறேன் என்றேன். செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"போனவன் பேரக் கெடுத்துதான் நீ பேரு வாங்கணுமா?"

"பேரு வாங்கவா சொல்றேன்?"

"வேறென்ன? டீச்சருக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு அதுக்கும் மெச்சத்தான் போறாங்க."

என்னை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

இன்று சீக்கிரமே கிளம்பி வந்தேன். சபையில் வேறு யாரும் இல்லை.

"ஏன் சொல்லல?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு உடனே புரிந்தது. துணியை நாலாக மடித்துப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"சொல்லத்தாம்மா அங்க நின்னேன். தம்பியத் தூக்கிட்டு வந்ததே நான்தான். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க. எல்லாரும் பாத்துட்டாங்க. அதுக்கப்புறம் என் மேல தப்பில்லன்னா யாரு நம்புவா? மன்னிப்புதான் வாங்கிட்டேனே."

"போலீஸ்ல?"

"டீச்சரே மன்னிச்சுட்டாங்க, நீ ஏன்யா இழுக்கறன்னு, தப்பு என் மேலதான்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க."

"வருஷா வருஷம் எப்படி உக்காந்து கேட்டீங்க?" அவரை நான் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்குப் பழகிடுச்சும்மா. என் பொண்ணுதான்... நீங்க சாட்சி சொல்ற அன்னிக்கு அவ தலையே நிமிர மாட்டா."

அவர் காலில் விழ வேண்டும் என்றுதான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அப்போதும் யாராவது பார்க்கிறார்களா என்று என் கண் வாசல் பக்கம் போயிற்று. அந்தக் கண்ணைப் பிடுங்கிப் போடலாம்போல இருந்தது. அவர் பதறி விலகினார். அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

பாட்டு முடிந்தது. போதகர் வழக்கம்போல என்னை அழைத்தார். முன் வரிசையில் கணவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெஞ்சில் டிரைவரின் மகள். நான் எழுந்ததுமே அவள் தலை குனிந்துவிட்டது. வகிடு மட்டும்தான் தெரிந்தது.

"அந்த வேன்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. உடைய வேண்டிய இடம் வருவதற்கு முன்பே குரல் உடைந்துபோனது. வழக்கம்போலப் பெண்கள் மூக்கை உறிஞ்சத் தொடங்கினார்கள். மைக் எட்டவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, டிரைவர் ஓடி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மைக் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, மைக்கை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார்.