சீமைக் குச்சி

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அபுபக்கர் கொல்லைக் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டுக் கிணற்றடியில் குந்தியிருந்தான். முன்னால் ஒரு சொம்பில் செம்மண் கரைத்த தண்ணீர். பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர். மண் தண்ணீரில் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்பக் கொப்பளித்துத் துப்பினான். பல்லிடுக்கில் மண் நறநறத்தது. பிறகு நல்ல தண்ணீர். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே கொப்பளித்தான். கணக்குக்கு ஏழும் முடிந்த பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

"உள்ள என்ன பண்ணுதிய? கதவ எதுக்குத் தாப்பா போட்டிருக்கு?" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவன் மனைவி மாஜிதா கேட்டாள்.

"பல்லு கூசுது. செத்த நேரம் சும்மா இரு."

அவளிடம் அவன் சொன்ன முதல் பொய் அன்று அதுதான். இரண்டாவதைச் சாயங்காலம் சொன்னான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிக் கடைத்தெருவில் அபுபக்கருக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. சீப்பு, கண்ணாடி, வளையல், ஊசி, விளக்குத் திரி. மதுரைக்குச் சரக்கெடுக்கப் போனவன் நாலு மாதம் முன்பு புதிதாக ஒரு சாமான் வாங்கி வந்தான். எலும்புப் பிடி, நுனியில் விறைப்பான முடிக் கற்றை. சீமையிலிருந்து வந்த பல் பிரஷ். ஊரில் எல்லோரும் அதற்குச் சீமைக் குச்சி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. வேப்பங்குச்சியை ஒடித்து மென்று, தேய்த்து, தூக்கி எறிந்து பழகிய ஊர். ஒரு நாள் வாயில் வைத்ததைக் கழுவி மறுநாளும் வாயில் வைப்பதா என்று முகத்தைச் சுளித்தார்கள்.

அதற்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் தர்மாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஞானதுரை. எச்சிலில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கிறது, ஈரத்தில் அது பெருகும், வெயிலில் சாகும் என்று அவர் சொன்னார். தேய்த்து முடித்ததும் வெந்நீரில் அலச வேண்டும். முடிக்குள் விரலை விட்டுத் தேய்த்து அழுக்கெடுக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் முக்கி, உதறி, டம்ளரில் தலை மேலே இருக்கும்படி நிறுத்தி வெயில் காட்ட வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் மூடக் கூடாது. ஒருத்தர் குச்சி இன்னொருத்தர் குச்சியோடு உரசக்கூடக் கூடாது. அபுபக்கர் இதையெல்லாம் மனப்பாடம் செய்து கடையில் நின்று பிரசங்கம் செய்தான். வீட்டில் அவனுடைய குச்சியை அலசிக் காயவைப்பது மாஜிதாவின் வேலை. முடிக் கற்றையைக் கட்டைவிரலால் பிரித்துப் பிரித்து அவள் கழுவுவதைப் பார்த்தால் கைக்குழந்தையின் தலையைக் கழுவுகிறாள் என்றுதான் தோன்றும்.

ஒரு குச்சியை ராஜபாளையத்துக்கும் கொண்டுபோனான், மாமனார் நைனா முகமதுக்கு.

நைனா முகமது பஞ்சு வியாபாரி. கடற்கரை ஊரிலிருந்து வந்து குடியேறிய மார்க்கச் சட்டத்தில் ஷாபி வழியைப் பின்பற்றும் குடும்பம். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவி ஒளு செய்யும்போது முழங்கையில் ஒரு விரற்கடை நனையாமல் போனால்கூடத் திரும்ப ஆரம்பிப்பவர். மருமகனைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. "எம்மவ சீப்பு யாவாரிக்கு வாக்கப்பட்டிருக்கா" என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார். அவருக்குப் பல வருஷமாக ஈறில் ரத்தம். சீமைக் குச்சியும் உப்பும் சேர்ந்து ஒரே மாதத்தில் அதை நிறுத்திவிட்டன. அடுத்த முறை போனபோது, எல்லோருமாகச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில், தன் வலப்பக்கம் இடம் ஒதுக்கி, "மாப்பிள்ள, இங்கிட்டு வாங்க" என்றார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல் தடவையாக 'வாங்க' என்றார். அன்று அபுபக்கருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்த வெள்ளிக்கிழமை புதுச் சரக்கு வந்திருந்தது. கம்பவுண்டரிடம் காட்ட எடுத்துப் போனான். ஞானதுரை ஒன்றை எடுத்து விரலால் முடியை வளைத்துப் பார்த்தார்.

"போன தடவைய விட இது நல்ல சரக்கு பாய். நல்ல சீமைப் பன்னி முடி. அதான் வளைச்சாலும் நிமிருது."

அபுபக்கர் சிரித்தான். கேலி என்று நினைத்தான். அவர் சிரிக்கவில்லை.

"தெரியாதா? தெரிஞ்சுதான் விக்கிறீருன்னுல்லா நெனச்சேன்" என்றார் ஞானதுரை. குச்சியை மெதுவாகப் பெட்டியில் வைத்தார். "நான் முன்னாலயே சொல்லிருக்கணும் பாய்."

அந்தப் பிராணி ஈரத்தோடு பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். ஷாபி வழியில் ஓதுகிற எல்லோரும் பள்ளியில் படிக்கிற பாடம் இது. அதைத்தான் அபுபக்கர் கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்தான். தன் குச்சியைக் கிணற்றடி வாழைக்குக் கீழே குழி தோண்டிப் புதைத்தான். சாயங்காலம் காலி டம்ளரைப் பார்த்து மாஜிதா கேட்டபோது, "எலி தூக்கிட்டுப் போயிருச்சு" என்றான்.

வாயைக் கழுவியதும் முதலில் வந்தது நிம்மதிதான். தான் சுத்தமாகிவிட்டோம் என்ற நிம்மதி. அதன் பிறகே ராஜபாளையத்தின் நினைவு வந்தது. அன்றைக்கே வண்டி கட்டியிருக்கலாம். கடையில் ஆள் இல்லை என்று இருந்துவிட்டான். சனிக்கிழமை கூட்டம். ஞாயிறு வண்டி மாடு கால் நொண்டியது. அது ஒன்றும் பெரிய நொண்டல் இல்லை. திங்கட்கிழமைக்குக் காரணமே கிடைக்கவில்லை. காரணம் இல்லாமலே இருந்துவிட்டான். தினமும் ஐந்து வேளையும் பாங்கு கேட்கும்போது, ஏழு மைலுக்கு அப்பால் மாமனார் அந்தக் குச்சியால் பல்லைத் தேய்த்துவிட்டு ஒளுவுக்கு உட்காருவது கண்ணில் தெரிந்தது. அப்படித் தெரிந்தும் சாப்பிட்டான், தூங்கினான், வளையல் விற்றான்.

செவ்வாய்க்கிழமை மாஜிதாவே கிளம்பினாள். "வாப்பாவப் பாத்து ஒரு மாசம் ஆச்சு. வாரியளா, நான் மட்டும் போகவா?"

வண்டியில் வழி நெடுக அவன் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தான். மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு. மாமா, எனக்குத் தெரியாது. தெரியாது என்பது நிஜம்தான், வெள்ளிக்கிழமை வரைக்கும். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

போய் இறங்கியபோது நைனா முகமது வாசலில் பக்கத்து வீட்டுக் கோதண்டராஜுவோடு நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் மாடத்தில் வெயிலில் ஒரு கண்ணாடி டம்ளர். அதில் குச்சி தலை நிமிர்ந்து நின்றது. ஈ உட்காராமல் இருக்க மெல்லிய மல் துணி மூடியிருந்தது. கோதண்டராஜு தொட்டுப் பார்க்கக் கையை நீட்ட, மாமனார் தடுத்தார்.

"தொடாதிய ராஜு. ஒருத்தர் கை பட்டாலே கிருமி ஏறிரும். எம் மாப்பிள்ள கண்டிசனாச் சொல்லிருக்காரு. இந்தா, அவரே வந்துட்டாரே! வாங்க மாப்பிள்ள."

அபுபக்கர் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அந்த 'வாங்க'வில் சரிந்தன. மாஜிதா உள்ளே போனாள். அவன் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அப்போது ஒரு யோசனை வந்தது. மானமும் போகாது, காரியமும் நடந்துவிடும். அவ்வளவு சுலபமாக வந்ததால் அதை நம்பினான்.

"மாமா, அந்தக் குச்சி இனி வேண்டாம். கம்பவுண்டரு சொன்னாரு. அதுல ஒரு கெட்ட கிருமி இருக்காம்."

"நான்தான் தெனமும் வெந்நியில அலசுதேனே."

"அம்புட்டுக்கும் போகாதாம். அதத் தூரப் போட்டுட்டு, வாய நல்லாக் கொப்பளிக்கணுமாம். ஏழு தடவ. அதுல ஒரு தடவ மண்ணு கரைச்ச தண்ணியில."

கோதண்டராஜு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏமண்டி பாய், வாயில மண்ணள்ளிப் போடச் சொல்றாரா கம்பவுண்டரு? சீமை வைத்தியம்னா சீமை வைத்தியம்தான்!"

நைனா முகமது சிரிக்கவில்லை.

"ஏழு தடவையா?"

"ஆமா மாமா."

"அதுல ஒண்ணு மண்ணு."

"ஆமா."

"கிருமிக்கு."

மாமனாரின் கண் மருமகன் முகத்திலிருந்து மாடத்துக்குப் போனது, மல் துணியில் நின்றது, திரும்பி வந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்:

"சிரிக்காதிய ராஜு. மண்ணுல ஒரு காரம் இருக்கு. கம்பவுண்டரு படிச்சவரு, சும்மாவா சொல்லுவாரு?"

கோதண்டராஜு இன்னும் சிரித்துக்கொண்டே தன் வீட்டுக்குப் போனார். அவர் கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை நைனா முகமது பேசவில்லை. அது எந்தப் பிராணியின் முடி என்று அவர் கேட்கவும் இல்லை. அதன் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரித்தது கிடையாது.

"என்னைக்குச் சொன்னாரு?"

"வெள்ளிக்கிழமை மாமா."

"இன்னைக்கு என்ன கெழம?"

"செவ்வா."

"நீ வாய் கழுவிட்டியா?"

'நீ' வந்துவிட்டது. அபுபக்கர் தரையைப் பார்த்தான். "கழுவிட்டேன்."

"என்னைக்கு?"

இதற்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மண்ணின் நறநறப்பு இன்னும் பல்லில் இருப்பதுபோல் தோன்றியது.

"அன்னைக்கேதான். வெள்ளிக்கிழம, அஸர் தொழுகைக்கு முன்னால."

"ஞாயித்துக்கெழம லெப்பை ஊருல இல்ல" என்றார் நைனா முகமது. சத்தம் போடவில்லை, யாருக்கோ தகவல் சொல்வதுபோல் சொன்னார். "என்னத்தான் முன்னால நின்னு தொழுவிக்கச் சொன்னாங்க. எனக்குப் பின்னால பதினாலு பேரு நின்னாங்க."

அவர் கொல்லைப்பக்கம் நடந்தார். அபுபக்கர் பின்னாலேயே ஓடிக் குடத்தை எடுத்தான். அவர் கை நீட்டிக் குடத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "மாஜிதா" என்று கூப்பிட்டார்.

அவள் ஏற்கெனவே கொல்லைக் கதவில்தான் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது. தகப்பனுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவர் மண் தண்ணீரைக் கொப்பளித்தபோது வெள்ளைத் தாடியில் செம்மண் வழிந்து மார்புக் குப்பாயத்தில் இறங்கியது. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனுஷன் வாயில் மண்ணோடு குனிந்திருப்பதை அபுபக்கர் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு முடிந்தது. அவர் எழுந்திருக்கும் முன் மாஜிதா குடத்தை வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளி, ஈரக் கையில் குழைத்து, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் அடி என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள்.

"எலின்னு சொன்னியளே" என்றாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்தக் கையாலதானே தெனமும் அதக் கழுவுனேன். இந்தக் கையாலதானே இந்த நாலு நாளும் சோறு வடிச்சேன். எங்கிட்டயுமா?"

நைனா முகமது குடத்தை எடுத்து மகளின் கையில் தண்ணீர் ஊற்றினார். முழங்கை வரைக்கும் ஊற்றினார். இரண்டு பேரும் ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையில் அபுபக்கருக்கு இடம் இல்லை.

முடித்துவிட்டு அவர் கேட்டார்: "வேற யாருக்குக் குடுத்திருக்க?"

"நம்ம ஆளுகள்ல மூணு வீடு."

"கிருமின்னு சொல்லாத." அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்விட்டார்.

சாப்பிடக் கூப்பிடும் வரை நிற்கவில்லை, அபுபக்கர் கிளம்பினான். மாஜிதா வண்டி வரைக்கும் வந்தாள். "நான் ரெண்டு நாள் இங்க இருக்கேன்" என்றாள். "அந்த மூணு வீட்டுக்கும் போயிட்டு வாங்க. பொறவு வாரேன்."

புதன்கிழமை காலையில் கடையைத் திறக்காமல் நேரே முத்து முகம்மதுவின் வீட்டுக்குப் போனான். எண்ணெய்க்கடை முத்து முகம்மது. கல்யாணத்துக்குத் தோழனாகக் கூட நின்றவன். கதவு திறந்தே கிடந்தது. வாசலில் நின்று கூப்பிட்டான்.

"முத்து! முத்து, இருக்கியா?"

முற்றத்துத் தூணுக்குப் பின்னாலிருந்து முத்து முகம்மது வந்தான். காலைப் பலகாரம் முடித்திருந்தான் போலும். சாப்பிட்ட பிறகும் ஒரு தடவை தேய்ப்பது நல்லது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அபுபக்கர்தான். வாயில் சீமைக் குச்சி. உதட்டைச் சுற்றிப் பல்பொடி நுரை. நண்பனைக் கண்டதும் நுரைக்குள்ளேயே சிரித்தான். பேச முடியாததால், எலும்புப் பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பெஞ்சியைக் காட்டினான். பிறகு உள்பக்கம் திரும்பி, இரண்டு விரலை உயர்த்தி, காப்பி கொண்டுவரும்படி வீட்டில் இருந்தவர்களுக்குச் சைகை செய்தான்.

அபுபக்கர் உட்காரவில்லை. தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, முற்றத்து வெயிலில் நின்று, அவன் தேய்த்து முடிப்பதற்காகக் காத்திருந்தான்.